நீருக்கடியில் ஒலிவழித் தகவல்: காசல்ரீ கரையிலிருந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அடியில் ஒரு வெப்பமானியை இறக்கிவிட்டு, அது காட்டும் அளவைக் கரையில் உட்கார்ந்தபடியே வாசிக்க வேண்டும். எங்கள் வேலை இந்தச் சிறிய ஆசையில்தான் தொடங்கியது. நான் நோர்வூட் பக்கத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவன். முதலில் வயர் இழுத்துப் பார்த்தோம். மீன்வலையில் சிக்கியது, நீர்மட்டம் ஏறியபோது அறுந்தும் போனது. பிறகு ஒரு சிறிய வைஃபை கருவியைப் போத்தலுக்குள் அடைத்து இறக்கினோம். ஒரு முழத் தண்ணீரைக்கூட அந்த அலை தாண்டவில்லை. வானொலி அலையைத் தண்ணீர் குடித்துவிடுகிறது. நீருக்குள் தூரம் போக வல்லது ஒலிதான்.

இதை உலகுக்குக் கணக்கோடு காட்டிய சோதனையும் மலைகள் சூழ்ந்த ஓர் ஏரியில்தான் நடந்தது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டேர்ம் என்ற இருவர் இரண்டு படகுகளில் இருந்தார்கள். ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கிய மணி அடிக்கப்பட்ட அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிட்டது. பல கிலோமீட்டருக்கு அப்பால், மற்றப் படகில் இருந்தவர் நீருக்குள் அமிழ்த்திய குழாயில் காதை வைத்துக்கொண்டு, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். 8 பாகை செல்சியஸ் நீரில் வினாடிக்கு 1435 மீட்டர் என்று கணக்கு வந்தது. 20 பாகை நன்னீரில் அது ஏறத்தாழ 1480 மீட்டர். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஒலியை ஓரளவு விழுங்கும். நமது நன்னீரில் அந்தத் தொல்லையும் இல்லை. நாம் பயன்படுத்தப்போகும் 12 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் போனாலும் உறிஞ்சப்பட்டு இழப்பது ஒரு டெசிபெல்லில் சிறு பங்குதான்.

அப்படியானால் சத்தமாக ஒலி எழுப்பினால் தகவல் போய்விடாதா? போகாது. நாங்கள் முதலில் செய்த பிழை அதுவே. நீருக்குள் ஒலிக்குப் பகை தூரத்தை விட எதிரொலிதான். மேற்பரப்பில் பட்டு ஒன்று, அடியில் பட்டு ஒன்று, கரைப்பாறையில் பட்டு இன்னொன்று என்று ஒரே ஒலி நாலைந்து முறை வந்து சேர்கிறது. நீங்கள் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடுகிறது. இதற்கு மருந்து வேறு. அதைக் காதால் புரிந்துகொண்டால் பிறகு வரும் கணக்கு எதுவும் பயமுறுத்தாது.

எதிர்மலையின் தப்பு

மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் காலத்தில் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்றால், பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள தோட்டத்திலிருந்து தப்பு என்ற பறையின் சத்தம் வரும். நடுவில் ஆறு இரைகிறது. கொழுந்துத் தொழிற்சாலை இயந்திரம் ஓடுகிறது. மலை ஒவ்வோர் அடியையும் திருப்பி அனுப்புகிறது. தனியே ஓர் அடியை மட்டும் கேட்டால் அது தப்பா, யாரோ மரம் வெட்டுகிறார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சில வினாடிகளில் சொல்லிவிடுவார்: இது கூத்துக்கு அடிப்பது, இது சாவுக்கு அடிப்பது என்று. காரணம், அந்த அடிகளின் கோலம் அவர் மனதில் ஏற்கனவே இருக்கிறது. கேட்கும் சத்தத்தை மனதில் உள்ள கோலத்தோடு வைத்துப் பார்க்கிறார். பொருந்தும் இடத்தில் இரைச்சல் ஒதுங்கிவிடுகிறது. எதிரொலியும் அவரைக் குழப்புவதில்லை. அதே கோலம் சற்றுப் பிந்தி மெல்லிதாக வருகிறது என்று காது பிரித்துவிடுகிறது.

பரவல் நிறமாலை முறை என்று பொறியியலாளர்கள் சொல்வது இதுதான். ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற தகவல் துணுக்கை) ஒரே ஒலித்துடிப்பாக அனுப்பாமல், அனுப்புபவரும் பெறுபவரும் முன்பே பேசிவைத்த நீண்ட அடிக்கோலமாக அனுப்புகிறோம். கோலத்தின் ஒவ்வோர் அடிக்கும் சிப் என்று பெயர். அடிகள் வேகமாக மாறுவதால் ஒலி குறுகிய ஒரு மீடிறனில் (வினாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவில்) நிற்காமல் அகலமாகப் பரவுகிறது. பெயர் அதிலிருந்து வந்தது.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மீடிறனையே மாற்றி மாற்றித் தாவுவது. 1942இல் ஹெடி லாமர் என்ற நடிகையும் ஜோர்ஜ் அந்தெயில் என்ற இசையமைப்பாளரும் டோர்ப்பிடோவை வழிநடத்தும் வானொலிச் சைகையை எதிரி குழப்பாமல் காக்க, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 மீடிறன்களிடையே தாவும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். நேட்டோ 2017இல் ஏற்றுக்கொண்ட ஜானஸ் என்ற நீரடித் தொடர்புத் தரமும் தாவும் முறையையே பின்பற்றுகிறது. 11.52 கிலோஹேர்ட்ஸை நடுவாகக் கொண்டு 13 சோடி மீடிறன்களில் அது தாவுகிறது. வினாடிக்கு 80 பிட் அளவில் 64 பிட் பொதியை அனுப்புகிறது. மற்ற வழி, மீடிறனை வைத்தபடியே வைத்து, அலையின் கட்டத்தை (அது ஏற்றத்தில் தொடங்குகிறதா இறக்கத்திலா என்பதை) ஒவ்வொரு சிப்புக்கும் நேராகவோ தலைகீழாகவோ புரட்டுவது. இதற்கு நேர்த்தொடர் முறை என்று பெயர். பிட் 1 என்றால் கோலம் அப்படியே போகும், 0 என்றால் முழுக் கோலமும் தலைகீழாகப் போகும். புதியவர்கள் இரண்டாவதில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. கணக்கு குறைவு, நீருக்குள் என்ன நடக்கிறது என்பதை அது கண்ணுக்கே காட்டிவிடும்.

படி 1: தாளில் ஒரு கோலம்

கணினியைத் திறக்க முன் ஒரு கட்டக் கொப்பியை எடுங்கள். முதல் வரிசையில் இதை எழுதுங்கள்:

＋ ＋ ＋ － － ＋ －

பார்க்கர் என்பவரின் பெயரால் வழங்கும் ஏழடிக் கோலம் இது. அதற்குக் கீழே அதே ஏழையும் நேராக எழுதி, மேலும் கீழும் ஒத்தால் 1 கூட்டுங்கள், முரண்பட்டால் 1 கழியுங்கள். ஏழும் ஒத்துப்போகும், விடை 7. இனிக் கீழ் வரிசையை ஒரு கட்டம் வலப்புறம் தள்ளி எழுதுங்கள். ஆறு கட்டங்கள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று வரும். மூன்று ஒக்கும், மூன்று முரண்படும்; விடை 0. இரண்டு கட்டம் தள்ளினால் ஐந்தில் இரண்டு ஒத்து மூன்று முரண்படும், விடை －1. எவ்வளவு தள்ளினாலும் 0 அல்லது －1 தான் வரும். சரியாகப் பொருந்தும் அந்த ஒரே இடத்தில் மட்டும் 7 என்று கோபுரம் போல எழும்பும்.

இந்தத் தாளை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் செய்ய வைக்கிறேன். தன் கையால் தள்ளித் தள்ளி அந்த 7ஐக் கண்ட பிள்ளைக்கு, பிந்தி வரும் எதிரொலி ஏன் தனியாகப் பிரிந்து தெரிகிறது என்று பிறகு நான் விளக்க வேண்டி வருவதில்லை.

படி 2: எண்களைத் தெரிவு செய்தல்

ஏழு அடி போதாது. உண்மையான வேலைக்கு 127 அடிக் கோலம் எடுக்கிறோம். அதைச் செய்வது எளிது. ஏழு பெட்டிகளை வரிசையாக வையுங்கள், எல்லாவற்றிலும் 1 போடுங்கள். ஒவ்வொரு படியிலும் 6ஆம், 7ஆம் பெட்டிகளைப் பாருங்கள்: இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1. அந்த விடை முதல் பெட்டிக்குள் போகும்; மற்றவை ஒவ்வொன்றாக நகரும்; கடைசிப் பெட்டியிலிருந்து வெளியே விழுவது நமது அடி, 1 என்றால் ＋, 0 என்றால் －. 127 படி கழித்துத்தான் பழைய நிலை திரும்பும். அதற்குள் 64 ஒன்றுகளும் 63 சுழியங்களும் வந்திருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், தவறினால் நிரலில் பிழை. எல்லாப் பெட்டியிலும் 0 போட்டுத் தொடங்க வேண்டாம், அது என்றைக்கும் 0 தான் தரும்.

மற்ற எண்கள் மடிக்கணினியின் ஒலி அட்டைக்கு ஏற்றவை. வினாடிக்கு 48,000 மாதிரிகள். சுமக்கும் அலை 12 கிலோஹேர்ட்ஸ். வினாடிக்கு 4,000 சிப். இப்படி எடுத்தால் ஒரு சிப்புக்கு 12 மாதிரிகள், அதற்குள் சரியாக 3 அலைகள் வரும். முழு எண்களாக இருப்பது தொடக்கத்தில் பெரிய நிம்மதி. ஒலி 8 முதல் 16 கிலோஹேர்ட்ஸ் வரை பரவும்.

இனி விலையையும் பாருங்கள். ஒரு பிட்டுக்கு 127 சிப் என்றால் 31.75 மில்லிவினாடி. வினாடிக்கு 31 பிட்டுக்குச் சற்று மேல் மட்டுமே அனுப்பலாம். கைபேசியில் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நத்தை வேகமாகத் தோன்றும். 127 அடிகளும் பொருந்தி ஒன்றாகக் கூடுவதால், அந்த மெதுவுக்குக் கிடைக்கும் கூலி 21 டெசிபெல். சைகை இரைச்சலுக்கு 10 டெசிபெல் கீழே மூழ்கிக் கிடந்தாலும், கோலத்தோடு பொருத்திய பின் இரைச்சலுக்கு 11 டெசிபெல் மேலே எழுந்து நிற்கும். நீரின் வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. நமக்கு வேகம் எதற்கு?

படி 3: கருவிகள்

ஒலி எழுப்பவும் கேட்கவும் தேவை பீசோ தகடு. பழைய அலார மணிகளில் இருக்கும் பித்தளை வட்டம்தான், இரண்டு வாங்குங்கள். பணம் இருந்தால் உருளை வடிவப் பீசோ நல்லது, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். தகட்டோடு கவசம் உள்ள வயரைப் பற்றவைத்து, முழுவதையும் இபொக்சிப் பசைக்குள் புதையுங்கள். பசை இறுக ஒரு முழு நாள் கொடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இபொக்சி கிடைக்காமல் நான் முதல் தகட்டைக் குளியலறைக்குப் பூசும் சிலிக்கனால் மூடினேன், காயும்போது வினிகர் வாடை வருமே, அந்த வகை. அந்த அமிலம் செம்பைத் தின்னும். இரண்டு வாரத்தில் வயர் பச்சை பூத்து, இணைப்பு உதிர்ந்தது. சிலிக்கன்தான் வேண்டும் என்றால் வாடை இல்லாத, அமிலமற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அனுப்பும் பக்கத்துக்குக் காரில் பொருத்தும் சிறிய ஒலிபெருக்கி போதும், சில வாட். பீசோவுக்கு வேண்டியது மின்னோட்டத்தை விட வோல்ற்றளவு என்பதால் நடுவில் ஒரு சிறிய மின்மாற்றியைத் திருப்பிப் போட்டு உயர்த்துகிறோம். அந்த முனைகளில் கை வைத்தால் அதிரும், ஈரக் கையோடு தொடவே கூடாது. எல்லாம் 12 வோல்ற் பற்றரியில் ஓடட்டும். கரண்டை நீர்க்கரைக்கு இழுப்பது உயிருக்கு ஆபத்து. போதாததற்கு 50 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் சைகைக்குள் புகுந்துவிடும். கேட்கும் பக்கத்தில் உள்ளீட்டுத் தடை அதிகமுள்ள ஒரு முன்பெருக்கியும், 5 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடியும் வேண்டும்.

மடிக்கணினியில் மறக்காமல் செய்ய வேண்டியவை இரண்டு. ஒலிவாங்கிக்கான இரைச்சல் நீக்கம், தானியங்கிச் சத்தச் சீராக்கம் ஆகியவற்றை நிறுத்துங்கள். மனிதக் குரல் அல்லாத எதையும் அவை குப்பை என்று நினைத்துத் துடைத்துவிடும், நமது கோலம் அவற்றுக்குக் குப்பையேதான். பதிவை எம்பி3 ஆகச் சேமிக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள்.

படி 4: பீப்பாய்

முதலில் இரண்டு மடிக்கணினிகளையும் வயரால் நேராக இணைத்து நிரல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பைத்தனில் எழுதினால் ஐம்பது அறுபது வரிகள் போதும். பிறகு நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பித் தகடுகளை இறக்குங்கள்.

இறக்க முன் தகட்டைச் சட்டி கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் விரலால் நன்றாகத் தேயுங்கள். உலர்ந்த பசைமேல் கடுகளவு காற்றுக் குமிழிகள் வெள்ளி முத்துகள் போல ஒட்டிக்கொள்ளும். காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கடுகுகள் ஒரு படலமாக நின்று சைகையை மறைக்கும். சவர்க்காரம் பட்டால் அவை நழுவிவிடும்.

பீப்பாயில் பார்க்க வேண்டியவை: நீர் கசிகிறதா, ஒலி போகிறதா. அத்தோடு 6 முதல் 18 கிலோஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை அனுப்பிப் பதிவுசெய்து, உங்கள் தகடுகள் எந்தப் பகுதியில் நன்றாகப் பாடுகின்றன என்று பாருங்கள். தேவையானால் சுமக்கும் அலையைச் சற்று நகர்த்துங்கள். அங்கே தகவல் அனுப்பி வெற்றி காண முயல வேண்டாம். 60 சென்ரிமீட்டர் அகலப் பீப்பாயை ஒலி 0.4 மில்லிவினாடியில் கடந்துவிடும். ஒரே பிட்டுக்குள் பல டசின் எதிரொலிகள். நீர்த்தேக்கத்தை விடப் பீப்பாய் கடினமான இடம். இதை அறியாமல் பீப்பாயோடு மனம் தளர்ந்து விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

படி 5: நீர்த்தேக்கத்துக்கு

காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை எல்லாம் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. பொறுப்பில் உள்ள அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். என்ன கருவி, எந்த இடம், எத்தனை பேர் என்று தெளிவாக எழுதுங்கள். அணைக்கட்டு, வான்கதவு, நீர் உள்ளெடுக்கும் வாய் ஆகியவற்றின் அருகே போகவே கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் தோணியில் ஏறக் கூடாது. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடி இறங்கும் காலம். பன்னிரண்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

காலையில் வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏறினால் மேல்நீர் சூடாகும், அடிநீர் குளிராகவே இருக்கும். ஒரு பாகை கூடினால் ஒலியின் கதி வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கூடுகிறது. வேகமான மேல்நீரிலிருந்து மெதுவான அடிநீரை நோக்கி ஒலி வளைந்து இறங்கும். காலையில் தெளிவாகக் கேட்ட இடத்தில் பிற்பகலில் சைகை மங்கிப்போவது இதனால்தான். கருவி பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். கயிற்றில் ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வெப்பமானியை இறக்கி, ஒவ்வொரு முடிச்சிலும் வாசித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு தகடுகளையும் 5 மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுங்கள், கீழே ஒரு கல் கட்டி. அடிச்சேற்றில் இருத்த வேண்டாம். நாட்பட்ட சேற்றில் வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கும். 100 மீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள்.

படி 6: முதலில் எதிரொலியைப் படம்பிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

செய்தி எதையும் அனுப்பாமல் 127 அடிக் கோலத்தைத் தனியாக ஒரு முறை அனுப்புங்கள், பிறகு ஒரு வினாடி மௌனம், மீண்டும் கோலம். பெற்ற பதிவின் மேல் கோலத்தைத் தள்ளித் தள்ளிப் பொருத்தி வரைபடமாக வரையுங்கள். கோபுரங்கள் எழும்பும். அவை நிற்கும் இடங்களை முன்கூட்டியே கணிக்கலாம். நேராக வரும் வழி 100 மீட்டர். மேற்பரப்பில் பட்டு வரும் வழி 100.5 மீட்டர், அரை மீட்டர் கூடுதல், 0.34 மில்லிவினாடி தாமதம். ஒரு சிப்பின் நீளம் 0.25 மில்லிவினாடி என்பதால் இது தனிக் கோபுரமாகத் தெரியும். தலைகீழாகவும் தெரியும், ஏனென்றால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி புரண்டுதான் திரும்பும். நீரின் ஆழம் 20 மீட்டரானால் அடியில் பட்டு வருவது 4.4 மீட்டர் கூடுதலாக நடந்து, 3 மில்லிவினாடி பிந்தி வரும்.

முதன்முதலாக அந்த மூன்று கோபுரங்களும் கணக்குப் போட்ட இடத்திலேயே திரையில் எழும்பியபோது, குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாணவி ஒருத்தி மடிக்கணினித் திரையை விரலால் தொட்டு, இது தண்ணீரின் மேல்பக்கம், இது அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணால் காண முடியாத நீர்த்தேக்கத்தின் அடியை அவள் காதால் வரைந்துவிட்டாள்.

சில இடங்களில் கணக்கில் இல்லாத கோபுரங்களும் வரும். மவுஸ்ஸாகலையில் அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறது. வறட்சியில் நீர் வடியும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரிவதை நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கிறோம். நீர் நிறைந்திருக்கும்போது அந்தச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன.

50 மில்லிவினாடி பிந்தி ஒரு வலுவான கோபுரம் வந்தால், 74 மீட்டர் சுற்றி வந்த ஒலி அது. நமது பிட் 31.75 மில்லிவினாடி மட்டுமே என்பதால் அது அடுத்த பிட்டின் மேல் போய் விழும். அப்போது ஒற்றைப் பிட்டுகளுக்கு ஒரு கோலம், இரட்டைப் பிட்டுகளுக்கு வேறொரு கோலம் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். சாவுத் தப்பின் எதிரொலி கூத்துத் தப்போடு பொருந்தாதது போல, முந்திய பிட்டின் எதிரொலி அடுத்த பிட்டோடு பொருந்தாமல் தணிந்துவிடும்.

அனுபவம் கூடிய பிறகு எதிரொலியைத் துணைக்கும் அழைக்கலாம். பிரைஸ், கிரீன் என்ற இருவர் 1958இல் விளக்கிய முறையில், ஒவ்வொரு கோபுரத்தையும் தனித்தனியே பொறுக்கி, தாமதத்தைச் சரிசெய்து ஒன்றாகக் கூட்டுவார்கள். சருகு வாரும் பல்வாரி போல அது எல்லாப் பல்லாலும் வாரி எடுக்கிறது. ஆங்கிலத்திலும் அதற்கு அந்தக் கருவியின் பெயரே.

படி 7: அசைவு

வானொலியில் நடந்துகொண்டே பேசினால் ஒன்றும் கெடாது. நீருக்குள் கெடும். ஒலி மெதுவானது என்பதால் சிறு அசைவுக்கும் மீடிறன் நகர்ந்துவிடுகிறது. தோணி வினாடிக்கு அரை மீட்டர் மிதந்து போனாலே 12 கிலோஹேர்ட்ஸ் 4 ஹேர்ட்ஸ் விலகும். அற்பம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பிட் முடிவதற்குள் அலையின் கட்டம் 46 பாகை சுழன்றுவிடும். வேகம் இரு மடங்கானால் 90 பாகையைத் தாண்டும், 0 எது, 1 எது என்று தெரியாது.

ஆகவே மூன்று வேலை செய்யுங்கள். தகவலைக் கட்டத்தில் நேரடியாக வைக்காமல், முந்திய பிட்டிலிருந்து மாறியதா இல்லையா என்பதில் வையுங்கள். கேட்கும் தகட்டைத் தோணியில் கட்டாமல் கரையில் ஊன்றிய மூங்கிலில் கட்டுங்கள். நிரலில் சில வேகங்களுக்கு ஏற்ப நீட்டிய, சுருக்கிய கோலங்களை எல்லாம் பொருத்திப் பார்த்து, எது உயரமான கோபுரம் தருகிறதோ அதை எடுங்கள்.

தோணி நின்றாலும் கடிகாரங்கள் ஒத்துப்போகா. இரண்டு ஒலி அட்டைகளின் கடிகாரங்கள் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு வேறுபட்டால், 4 வினாடியில் கிட்டத்தட்ட ஒரு சிப் நழுவிவிடும். ஒவ்வொரு பிட்டிலும் கோபுரத்தின் உச்சியை மீண்டும் தேடிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

படி 8: செய்தியை அடுக்குதல்

செய்தி சிறியதாக இருக்கட்டும். வெப்பநிலைக்கு 12 பிட், பற்றரி நிலைக்கு 4, வரிசை எண்ணுக்கு 8, பிழை சரிபார்க்க 16. மொத்தம் 40 பிட், 1.27 வினாடி. முன்னால் கோலத்தை நாலைந்து முறை வெறுமனே அனுப்பினால் பெறுபவர் விழித்துக்கொள்வார். சரிபார்ப்புக்கு 8 பிட் போதாதா என்று கேட்பார்கள். 8 பிட் என்றால் குப்பைச் சத்தம் 256இல் ஒரு முறை நல்ல செய்தி போல் நடித்துவிடும். 16 பிட் என்றால் 65,536இல் ஒன்று. தவறான அளவு வருவதை விட அளவு வராமல் இருப்பதே மேல்.

கிடைத்தது என்று பதில் சொல்லும் ஏற்பாடு நல்லதுதான்; ஒரு கிலோமீட்டருக்குப் போய்வர 1.35 வினாடி ஆகும் என்பதை மட்டும் காத்திருப்பு நேரத்தில் சேருங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைவிட எளிது. ஒவ்வொரு பொதியையும் பத்து வினாடி இடைவிட்டு மூன்று முறை அனுப்புங்கள். காற்று, அலை, கடந்து போகும் தோணி எல்லாம் சில வினாடிகளில் மாறுபவை. மூன்றும் சேர்ந்து கெடுவது அரிது.

தூறல்

மலையகத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்தே ஆக வேண்டும். பெருமழை மட்டுமல்ல, வெறும் தூறலும் நமது சைகையைக் கெடுக்கும். 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரையான சிறு துளி நீரில் விழும்போது ஒரு குமிழியை உள்ளே அடைத்துவிடுகிறது. அந்தக் குமிழி 15 கிலோஹேர்ட்ஸை ஒட்டி மணிபோல் ஒலிக்கிறது. பெருந்துளிகளின் இரைச்சல் அதைவிடத் தாழ்ந்த மீடிறன்களில் அதிகம். நமது 8 முதல் 16 கிலோஹேர்ட்ஸ் அகலத்தின் மேல்பகுதி தூறலின் வாய்க்குள்ளேயே இருக்கிறது. அன்று கோலத்தை 255 அடிக்கு நீட்டுங்கள். 3 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும், வேகம் பாதியாகும். அதிக மாதிரி வேகமுள்ள ஒலி அட்டையும் ஏற்ற தகடும் பிறகு கிடைத்தால், 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடலாம்.

பதிவுக் கொப்பி

ஒவ்வொரு முயற்சிக்கும் நாள், நேரம், நீர்மட்டம், ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் வெப்பநிலை, காற்று, மழை, தகடுகளின் ஆழம், இடைவெளி ஆகியவற்றை எழுதுங்கள். அதைவிட முக்கியம், ஒன்றும் கேட்காத நாளின் வேவ் கோப்பையும் அழிக்காமல் வைத்திருப்பது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், தூறலில், மிதந்துகொண்டிருந்த தோணியிலிருந்து நாங்கள் பதிவுசெய்த கோப்பில் அன்று ஒரு பொதியும் கிடைக்கவில்லை. நனைந்துகொண்டு திரும்பினோம். இரண்டு மாதங்களுக்குப் பிறகு, படி 7இல் சொன்ன நீட்டிய, சுருக்கிய கோலங்களை நிரலில் சேர்த்த மாணவன், பழைய கோப்பை அதில் ஓடவிட்டான். வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்துக்கு நீட்டிய கோலத்தில் கோபுரங்கள் எழும்பின. ஒரே பொதியின் மூன்று பிரதிகளில் இரண்டு சரிபார்ப்பில் தேறின. அன்று அடிநீரின் வெப்பநிலை என்ன என்று, தண்ணீர் அனுப்பியதை இரண்டு மாதம் கழித்து வாசித்தோம். கொப்பியில் அந்த நாளுக்கு வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் அவனே அந்த எண்ணை எழுதினான்.